வரிசைத் தட்டுக்குப் போன சிப்ஸ்

கேப்பையைப் போல ஓர் அடங்காப்பிடாரித் தானியம் இந்த உலகத்தில் கிடையாது என்பது கலைமதியின் கட்சி. அரிசி மாவு சொன்னபடி கேட்கும். வாழைக்காயைச் சீவி எண்ணெயில் விட்டால் அது பாட்டுக்குப் பொரிந்து மேலே வந்து நிற்கும். பாகற்காய்கூடத் தன் கசப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டு ஒழுங்காக வெந்துவிடும். இந்தக் கேப்பை இருக்கிறதே, தேய்க்கும்போது விரியும், வெட்டும்போது உதிரும், எண்ணெயில் போட்டால் ஒடியும். அங்கே ஒடியாமல் தப்பித்தது பாக்கெட்டில் அடைக்கும்போது ஒடியும். திண்டிவனத்தில் செஞ்சி பஸ் நிற்கிற பக்கமாக இருக்கும் அவள் கடையில் கேப்பை சிப்ஸ் வாங்கினால் பாதி சிப்ஸ், பாதி தூள். வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, தூளையும் சேர்த்து வாயில் கொட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கலைமதிக்குத்தான் அது மனசுக்குள் ஒரு குறையாகவே இருந்தது.

அந்த ஒடிந்த சிப்ஸுக்கென்றே வருகிறவர் ஸ்ரீமதி டீச்சர். ஊர் மேல்சித்தாமூர், வேலை திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். எல்லா நயினார் வீட்டிலும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது, டீச்சர் வீட்டில் உண்டு. பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை போகாது. மண்ணுக்குள் விளைகிற கிழங்கு எதுவும் அடுப்படிக்குள் வராது. ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் முடித்துப் பஸ் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும் என்பதால், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும்போதே அவர் தின்கிற கேப்பை சிப்ஸ்தான் பல நாள் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு.

முதல் தடவை வந்தபோது பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இதுல இன்னா இன்னா போட்ருக்கமா?”

“கேப்பை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, எள்ளு, ஓமம், மொளகாத்தூளு. அவ்ளோதான் டீச்சர். வெங்காயம், பூண்டு எதுவும் கெடையாது. மரவள்ளி சிப்ஸுக்கு வேற சட்டி, வேற எண்ணெ.”

“நெசமா?”

“நெசமா டீச்சர்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வந்து நிற்பார், கலைமதி பாக்கெட்டை நீட்டுவாள், வாங்கிக்கொண்டு போவார். வருஷக்கணக்கில் இப்படித்தான். கேட்காமல் ஒருத்தர் கையை நீட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கலைமதிக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் முகர்ந்து பார்த்து, ஒன்றைத் தின்று பார்த்து, அப்புறம்தானே வாங்குகிறார்கள்!

அப்படிப்பட்ட டீச்சர் ஒரு நாள் கடைக்கு வந்து, “கலை, வெள்ளிக்கிழம என் பொண்ணுக்கு நிச்சயம். மாப்ள வீட்டுக்காரங்க விழுப்புரத்துலர்ந்து வர்றாங்க. வந்ததும் டிபன். அதுக்கு உன் சிப்ஸுதான். வரிசத் தட்டுலயும் ஒரு தட்டு அதையே வெக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

கலைமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அய்யோ, வரிசத் தட்டுல போயி இதயா? ஒடிஞ்சி ஒடிஞ்சி இல்ல இருக்கும் டீச்சர்!”

“இருந்துட்டுப் போவுது. மாப்ளயோட அத்தை ஒருத்தவங்க இருக்காங்க, என்னவிடக் கறாரு. யாரு செய்யிறாங்க, எப்டி செய்யிறாங்கன்னு போன்லயே நோண்டி நோண்டிக் கேட்டாங்க. கலைமதி கையால செஞ்சா நான் கண்ண மூடிக்கினு சாப்டுவேன், நீங்களும் சாப்புடலாம்னு சொல்லிட்டேன்.”

அன்றைக்கு ராத்திரி கலைமதிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. புருஷன் ராம்கியிடம் நாலு தடவை சொன்னாள். வரிசைத் தட்டில் போய் உட்காரப்போகிற சிப்ஸ் ஒன்றுகூட ஒடியக் கூடாது என்று முடிவு கட்டினாள். அங்கேதான் வந்தது வினை.

தனி ஆளாகச் செய்ய முடியாது என்று கண்டாச்சிபுரத்திலிருந்து ராம்கியின் அக்கா பூமாலையை வரவழைத்தாள். பூமாலைக்கு நல்ல கை. அதைவிட நல்ல வாய். யார் வீட்டு விஷயமாக இருந்தாலும் நூறு கேள்வி கேட்டு, நூற்றியோராவதாக ஒரு நக்கல் அடிக்காமல் விடமாட்டாள். டீச்சர் வீட்டு வழக்கத்தைச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பாள் என்று பயந்த கலைமதி, சொல்ல வேண்டியதைச் சுருக்கிவிட்டாள். “கெழங்கு சிப்ஸு எதுவும் போட வேணாம் அண்ணி. ஆர்டரு கேப்பையும் வாழைக்காயும்தான். கேப்பை மட்டும் ஒண்ணுகூட ஒடியக் கூடாது, சொல்லிட்டேன்.”

“ஒடியாம போட்டுக் குடுத்தா போதுமில்ல? நீ போயி கடையப் பாரு.”

கலைமதி கடைக்குப் போய்விட்டாள். பூமாலை வீட்டில் மாவு பிசைந்து, தேய்த்து, வெட்டி வைத்தாள். மதியத்துக்கு முன்னால் கலைமதி வந்து பொரித்துப் போட்டாள். என்ன அதிசயம்! ஒன்று ஒடியவில்லை. முனைகூட உதிரவில்லை. சட்டியிலிருந்து முழுசு முழுசாக வந்து விழுந்தது. “உன் கைய வாங்கிக் கண்ணுல ஒத்திக்கணும் அண்ணி” என்று வாயாரப் புகழ்ந்தாள்.

வழக்கமாக ஒவ்வோர் ஈட்டிலும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பவள், அன்றைக்குப் பார்க்கவில்லை. வரிசைத் தட்டுக்குப் போகிற பலகாரத்தைச் செய்கிறவள் வாயில் போட்டுப் பார்த்து எச்சில் பண்ணக் கூடாது என்று அவள் அம்மா வீட்டுப் பழக்கம். மரியாதை பார்த்தாளாம், மரியாதை! ஒரே ஒரு சிப்ஸைக் கடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

லோடு ஆட்டோ ஓட்டுகிற வல்லரசு வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூருக்குக் கிளம்பிப் போனான். சட்டி பானையெல்லாம் கழுவி ஒதுக்கி முடிக்கச் சாயங்கால டீ நேரம் ஆகிவிட்டது. அந்த அலுப்பில் கலைமதி காலை நீட்டி உட்கார்ந்தாள். பூமாலை டீ போட்டு, மீந்துபோன துண்டுகளை ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கலைமதி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

மொறுமொறுவென்று இருந்தது. அது கேப்பையின் மொறுமொறுப்பு இல்லை. கேப்பை கடித்ததும் பொடிந்து நாக்கில் மண் மாதிரி நிற்கும். இது பற்களுக்கு நடுவில் நின்று உடைந்தது. கடைசியில் லேசாக ஒரு தித்திப்பு. சிப்ஸ் வியாபாரம் பண்ணுகிறவளுக்கு அந்தத் தித்திப்பு தெரியாதா? இன்னொன்றை எடுத்து மெதுவாக மென்றாள்.

“அண்ணி, மாவுல இன்னா கலந்த?”

பூமாலை முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். “கண்டுபுட்சிட்டியா? ஒடியக் கூடாதுன்னு சொல்லிட்டியே. கடைக்குன்னு வாங்கி வச்சிருந்தியே மரவள்ளி, அத வேக வச்சி மசிச்சி மாவோட சேத்துப் பெசஞ்சிட்டேன். எங்கூர்ல அப்டித்தான். எப்டி?”

கலைமதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்தாளா, விட்டாளா தெரியவில்லை, டீ தரையெல்லாம் ஓடியது. “கெழங்கு வேணாம்னு சொன்னனே அண்ணி!”

“கெழங்கு சிப்ஸு வேணாம்னுதான சொன்ன? இது கேப்பை சிப்ஸுதான?”

“அவங்க கெழங்கே சாப்புட மாட்டாங்க! அவங்களுக்கு அது விரதம் மாதிரி. வாழ்நாள் பூரா தொடாதவங்க!”

“இன்னாடி இது பேஜாரா போச்சி! இத நீ மின்னாடியே சொல்லக் கூடாது?” பூமாலைக்கும் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா? “மல்லாட்டையுந்தான் மண்ணுக்குள்ள வெளையுது. அந்த எண்ணெல பொரிச்சா மட்டும் தின்னுவாங்களா?”

“வேர்க்கடல வெதை, இது கெழங்குன்னு டீச்சர் ஒரு வாட்டி சொல்லிகீறாங்க. இப்ப அதுவா அண்ணி பேச்சு!” கத்திவிட்டாள் கலைமதி. கத்தின கத்தலில் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. யாரைத் திட்டுவது? ஒடியக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது யார்? காரணத்தை முழுங்கினது யார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி ஓய்ந்தது. நிச்சயதார்த்த வீட்டில் யார் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? வல்லரசுக்குப் போட்டாள். அவன் எடுத்தான்.

“டெலிவரி பண்ட்டு செஞ்சிக்கு வந்துட்டேன்க்கா, வேற லோடு ஏத்திக்கினு கீறேன். டீச்சரு பாக்கெட்ட பிரிச்சி ஒரு கை அள்ளிக் குட்தாங்க. சூப்பரா கீதுக்கா கேப்பை சிப்ஸு! அங்க அல்லாரும் டிபனுக்கு ரெடியாகினு...”

அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பிரித்துவிட்டார்கள். பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள்! பிரித்த கை சும்மா இருந்திருக்குமா, ஒன்றை வாயில் போட்டிருக்குமா? டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவேன் என்று சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

ராம்கிக்குப் போன் போட்டு அழுதாள். அவன் விழுப்புரத்தில் ஒரு கட்டட வேலையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான். “கலை, நீயா போயி சொல்லாங்காட்டி யாருக்குத் தெரியப் போவுது? கேப்பைல மரவள்ளி கலந்தா கலரு மாறுதா, வாட வருதா? தெரியாம சாப்ட்டா பாவம் இல்லன்னுதான் அல்லாரும் சொல்றாங்க. நிச்சய வீட்ல போயி இத அவுத்து வுட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். வுட்டுடு.”

அவன் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அதுதான் கலைமதியை இன்னும் பயமுறுத்தியது. சும்மா இருந்தால் போதும், ஒன்றும் நடக்காது. திங்கட்கிழமை டீச்சர் வருவார், கையை நீட்டுவார், அவளும் பாக்கெட்டைக் கொடுப்பாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கொடுப்பது?

“நான் போறேன் அண்ணி. கடையப் பாத்துக்க” என்று செருப்பை மாட்டினாள்.

“போயி இன்னாடி சொல்லுவ?”

“தெரியல.”

செஞ்சி பஸ்ஸில் ஏறி முன்பக்கமாக உட்கார்ந்தாள். பஸ் மேற்கே பார்த்துப் போகிறது. டிரைவருக்கு எதிரே கண்ணாடி முழுக்கச் சூரியன். டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினார். கலைமதி சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னும் மேலேதான் இருக்கிறது. பொழுது சாயுமுன் டிபன் வைத்தாக வேண்டும். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் வாசலிலேயே டீச்சரைக் கூப்பிட்டு, மூட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ‘தாயே, கொஞ்சம் மெதுவா எறங்கு’ என்று வேண்டிக்கொண்டாள். சூரியனைத் தாயே என்று கூப்பிடலாமா என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்!

பஸ்ஸோ, நிற்காத இடமெல்லாம் நின்றது. ஒரு பெரியவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு இது எங்கே போகும், எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடம் ஊர்ப் பேரெல்லாம் ஒப்பித்தார். “ஏறுங்க ஐயா ஜல்தி!” என்று கலைமதி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி, அண்டா குண்டாவோடு ஏறியது. அதற்குள் சூரியன் பனைமரத் தலைக்கு வந்துவிட்டது.

என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் டீச்சர் முகம் எப்படி ஆகும்? ‘எண்ணெ சிக்கு வாடை அடிச்சிடுச்சி டீச்சர், மாத்திக் கொண்டாறேன்’ என்றால் என்ன? நல்ல பொய். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். மூட்டையும் திரும்ப வந்துவிடும், டீச்சரும் திங்கட்கிழமை கையை நீட்டுவார். எண்ணெ சிக்கு வாடை, எண்ணெ சிக்கு வாடை என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உருப்போட்டாள். ஆனால் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால்? அதற்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை.

ஊருக்குப் பிரிகிற கூட்ரோட்டில் இறங்கி ஓர் ஆட்டோவைப் பிடித்தபோது பாதிச் சூரியன்தான் மிச்சம். மேல்சித்தாமூர்க் கோயில் கோபுரம் கண்ணில் படும்போது வானம் சிவந்து கிடந்தது. சூரியன் இல்லை. போயிற்று. “நாசமாப் போற பொழுது, உனக்கு இன்னா அவ்ளோ அவசரம்!” என்று வாய்விட்டே திட்டிவிட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

டீச்சர் வீட்டு வாசலில் சீரியல் பல்பு எரிந்தது. ஒரு வேன் நின்றிருந்தது. அதன் டிரைவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூடம் நிறைய ஜனம். இன்னும் வரிசை மாற்றவில்லை போலிருக்கிறது, தட்டுகள் எல்லாம் நடுவில் அடுக்கியிருந்தன. அதில் முன்வரிசையில், ஒன்றுகூட ஒடியாமல், கோபுரமாக அடுக்கிய அவளுடைய கேப்பை சிப்ஸ். அதைப் பார்த்ததும் கலைமதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“கலை! நீ எங்க இங்க?” பட்டுப்புடவையில் டீச்சர் வந்தார். “வா, வா. நானே கூப்டிருக்கணும்.”

“டீச்சர்... டிபன்... எல்லாரும் சாப்ட்டாச்சா?”

“எங்க சாப்புடறது!” டீச்சர் பெருமூச்சு விட்டார். “மாப்ள வீட்டு வேன் வழியில நின்னுடுச்சி. இப்பதான் வந்து எறங்கறாங்க. அவங்க வராம நாங்க எப்டி சாப்புடறது? எலை போட்டு வச்சது போட்டபடி கெடக்குது. பொழுது போயிடுச்சி, இனிமே யாரு வாயில வெப்பாங்க? எல்லாரும் பட்டினியா உக்காந்துருக்கோம். பரவால்ல, அவங்க ராத்திரி இங்கதான் தங்கறாங்க. காலைல டிபனோட வச்சிடலாம்.”

“நீங்க? பாக்கெட்ட பிரிச்சீங்களாமே?”

“அந்த ஆட்டோக்காரப் பையனுக்கு ஒரு கை குடுத்தேன். என்னா, ஏன் இப்டி வேர்க்குது உனக்கு?”

யாரும் சாப்பிடவில்லை. ஒருத்தர்கூடச் சாப்பிடவில்லை! வழியெல்லாம் திட்டித் தீர்த்தாளே, அந்தப் பொழுதுதான் இந்த வீட்டு வாயை எல்லாம் கட்டிப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறது. அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றாள். இனி ஒரே வேலைதான். எண்ணெ சிக்கு வாடை. சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

“டீச்சர், அந்த சிப்ஸு...” என்று ஆரம்பித்தாள்.

“இந்தப் பொண்ணா செஞ்சது?” என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. நெடுநெடுவென்று ஓர் அம்மாள், தும்பைப்பூ வெள்ளைத் தலை, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. சொல்லாமலே தெரிந்தது, மாப்பிள்ளையின் அத்தை. கையில் தட்டிலிருந்து எடுத்த ஒரு கேப்பை சிப்ஸ். வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். “ஏம்மா, நானும் கேப்பைல எத்தினியோ வாட்டி போட்டுப் பாத்துட்டேன். ஒடிஞ்சி ஒடிஞ்சி தூளாப் போவுது. உனக்கு எப்டிம்மா முழுசா வந்துது? இன்னா சேத்த, சொல்லேன்.”

கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் பெருமையாகச் சிரித்தார். “கேளுங்க, கேளுங்க. நான் இத்தினி வருஷமா சாப்புடறேன், ஒரு நாள்கூட கேட்டதில்ல.”

எண்ணெ சிக்கு வாடை நாக்கு நுனியிலேயே நின்றுபோயிற்று. இந்தக் கேள்விக்கு அந்தப் பொய் பதில் ஆகாது. புதிதாக ஒன்று சொல்ல வேண்டும். அரிசி மாவு கூடுதலாகப் போட்டேன் என்று சொல்லலாம். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பார், ஒடியும், மறுபடி கேட்பார். உண்மையைச் சொன்னால், சபையில் டீச்சர் மானம் போகும். அந்தப் பெண், அறைக் கதவுக்குப் பின்னால் தலை நிறையப் பூவோடு நிற்கிறாளே, அவள் நிச்சயம் என்ன ஆகும்? டீச்சர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“கெழங்கு” என்றாள் கலைமதி.

“என்னது?”

“மரவள்ளிக் கெழங்கு கலந்துடுச்சிம்மா. அதான் ஒடியல.” ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கொட்டிவிட்டது. “வீட்ல கூடமாட வேலைக்கு வந்தவங்க தெரியாம கலந்துட்டாங்க. அவங்ககிட்ட ஒழுங்கா சொல்லாதது என் தப்பு. வாயில போட்டுப் பாக்காம அனுப்புனதும் என் தப்பு. டீச்சருக்கு எதுவும் தெரியாதும்மா. மூட்ட வந்தப்புறந்தான் எனக்கே தெரிஞ்சிது. போன் போட்டேன், எடுக்கல. அதான் ஓடியாந்தேன். யாரும் வாயில வெக்கலியே, அது போதும். என்ன இன்னா வேணா திட்டுங்க. டீச்சர ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

அத்தை கையிலிருந்த சிப்ஸைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து, அதைத் தரையில் ஓர் ஓரமாக வைத்தார். புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்தார்.

“வேன் நின்னுச்சின்னு வழியெல்லாம் அந்த டிரைவர வாயில வந்தபடி திட்டிக்கினு வந்தேன்” என்றார் அத்தை. வாசல் பக்கம் திரும்பி, “தம்பி, உன்னத் திட்டுனதெல்லாம் மனசுல வச்சிக்காதப்பா!” என்று குரல் கொடுத்தார். ஒன்றும் புரியாத டிரைவர் தலையை ஆட்டினார். யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். “அந்தத் தட்ட எடுத்து அப்பால வெய்ங்க. பழம் இருக்குதில்ல, அத வெய்ங்க. நேரமாவுது, ஆவட்டும்” என்று அத்தை உட்கார்ந்தார்.

சிரிக்காதவர் ஸ்ரீமதி டீச்சர் ஒருத்தர்தான்.

அவரே மூட்டைகளை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார். வாழைக்காய் சிப்ஸையும் சேர்த்துத்தான். கலைமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இதுக்கு மின்னாடி?”

கலைமதிக்குப் புரியவில்லை.

“நான் சாப்ட்டதுல... இத்தினி வருஷத்துல, எப்பயாவது?”

“இல்ல டீச்சர். சத்தியமா இல்ல. ஒரு நாள்கூட இல்ல.”

டீச்சர் அவள் முகத்தையே பார்த்தார். பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வை. நம்ப ஆசைப்படுகிறார், முடியவில்லை என்று கலைமதிக்குத் தெரிந்தது. எதைக் காட்டி நிரூபிப்பாள்? தின்ற சிப்ஸைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஊரே திட்டினால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“சரி, இருட்டிடுச்சி. பாத்துப் போ” என்று டீச்சர் உள்ளே போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கலைமதி கல்லாவில் இருப்புக்கொள்ளாமல் எழுந்தும் உட்கார்ந்தும் தவித்தாள். டீச்சர் வருவாரா, வந்தாலும் கடைப் பக்கம் திரும்புவாரா? வந்தார். கடைக்கும் வந்தார். கலைமதி பழக்கத்தில் கேப்பைப் பாக்கெட் மேல் கையை வைத்தாள்.

“வாழைக்காய் குடு” என்றார் டீச்சர்.

வாழைக்காய் சிப்ஸ் என்றால் பார்த்தாலே தெரியும், அதற்குள் வேறொன்றை ஒளிக்க முடியாது. கலைமதி எடுத்துக் கொடுத்தாள். மறுநாளும் வாழைக்காய். அதற்கு மறுநாளும். நிச்சயம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டதற்கு, “ம், முடிஞ்சிது” என்றார். அவ்வளவுதான். பஸ் ஜன்னலில் அவர் வாழைக்காய் சிப்ஸ் தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் கலைமதி பார்வையைத் திருப்பிக்கொள்வாள். அவர் ஒரு நாள் வராமல் இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று உடனே பயமும் வரும்.

கேப்பை மாவு பிசைவதை அவள் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். பஸ் நிற்கிற பக்கமாகத் தாம்பாளத்தைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் கண்ணெதிரில் மாவைக் கொட்டி, எள்ளைக் கொட்டி, சூடான எண்ணெயை ஊற்றிப் பிசைவாள். கண்டாச்சிபுரத்திலிருந்து போன் போட்ட பூமாலை, “இன்னாடி, ரோட்ல உக்காந்து பெசையிறியாமே” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நக்கல் அடிக்காமல் போனை வைத்தாள். மாவு பழையபடி விரிந்தது, உதிர்ந்தது, ஒடிந்தது. பாக்கெட்டில் பாதி சிப்ஸ், பாதி தூள்.

ஒரு நாள் டீச்சர் வந்தபோது கலைமதி சட்டியிலிருந்து ஓர் ஈடு எடுத்துத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டும்போதே பாதி பொடிந்தது. கலைமதி வாழைக்காய்ப் பாக்கெட்டை எடுக்கத் திரும்பினாள்.

டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்னா, இப்டி ஒடிஞ்சி கெடக்குது?”

“வெறும் கேப்பைதான டீச்சர்” என்றாள் கலைமதி. “ஒடியாம இன்னா செய்யும்?”

பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் மேற்கே ஒருமுறை பார்த்தார், பொழுது இன்னும் இருந்தது. தட்டின் மேல் குனிந்து, உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் ஒட்டியதை வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு கையை நீட்டினார். “ஒடிஞ்சதாவே பாத்துப் போடு.”